கேசிங்குக்குப் பெயின்ட் அடித்தால் கம்ப்யூட்டர் குளிருமா?

பர்மாவில், பெகுவில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றின் கேசிங், அதாவது வெளிப்பெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு. மற்றது சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய அலுமினியக் கேசிங். மேலெல்லாம் கீறல் விழுந்து அசிங்கமாக இருந்ததால் பாத்திரப் பட்டறையில் கொடுத்து பஃப் போட்டு, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிட்டாராம். கல்யாண வீடியோ ரெண்டர் ஆகும்போது, அதாவது எடிட் செய்ததைக் கம்ப்யூட்டர் முழு வீடியோவாக உருவாக்கும்போது, இரண்டையும் ஐ.ஆர். துப்பாக்கியால் (தொடாமலே சூட்டை அளக்கிற அகச்சிவப்புத் தெர்மாமீட்டர்) சுட்டுப் பார்த்திருக்கிறார். கறுப்பு 40 டிகிரி காட்டியது, வெள்ளி 34. "அப்போ அண்ணா, கறுப்புக்கும் சில்வர் ஸ்பிரே அடிச்சிடலாமா? இல்ல, வெள்ளை அடிக்கச் சொல்றாங்க, அது தேவலையா? கறுப்பு சூட்டை இழுக்கும்ல?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "ஆனா வெள்ளி மெஷின்தான் மத்தியானத்துல அடிக்கடி ஹேங் ஆகுது. வெளியே குளுமையா இருக்கே, உள்ளே ஏன் கொதிக்குதுன்னு புரியல."

அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. வெளியே குளுமையாக இல்லை தம்பி. துப்பாக்கி பொய் சொல்லியிருக்கிறது.

ஸ்பிரே டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். கரண்ட் வேலைக்குச் சுற்றுகிற கறுப்பு இன்சுலேஷன் டேப் கடையில் இருக்கும். அதில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழித்து வெள்ளிக் கேசிங்கின் பக்கத் தகட்டில், நடுவில், குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு துப்பாக்கியைக் கிட்டத்தில் கொண்டுபோய் டேப்பைச் சுடுங்கள், அடுத்து டேப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வெறும் அலுமினியத்தைச் சுடுங்கள். ஒரே தகடு, ஒரு அங்குல இடைவெளி. ஆனால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது. டேப் 41, 42 என்று காட்டும். வெறும் இடம் அதே 34-இல் நிற்கும். கையை வைத்துப் பார்த்தால் கைக்கு இரண்டும் ஒரே சூடுதான்.

காரணம் இது. துப்பாக்கி சூட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அந்தப் பொருளிலிருந்து வருகிற அகச்சிவப்புக் கதிரை வாங்கி, "இவ்வளவு கதிர் வருகிறது, அப்படியானால் இவ்வளவு டிகிரி" என்று கணக்குப் போடுகிறது. சாதாரண விலைத் துப்பாக்கிகள் எதிரே இருப்பது பெயின்ட், மரம், தோல், ரப்பர் போன்ற ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அதன் உமிழ்திறன் 0.95 என்று நிலையாக வைத்திருக்கும். உமிழ்திறன் என்றால், அந்தச் சூட்டில் ஒரு பரப்பு அதிகபட்சம் எவ்வளவு கதிரை வீச முடியுமோ, அதில் எத்தனை பங்கை உண்மையில் வீசுகிறது என்பது. பஃப் போட்ட அலுமினியத்துக்கு அது 0.05 முதல் 0.1 வரைதான். மீதி 0.9 பங்கு? அது கண்ணாடி. எதிர்ச் சுவரிலிருந்து, கூரையிலிருந்து, உங்கள் சட்டையிலிருந்து வருகிற கதிரை அப்படியே திருப்பி அனுப்புகிறது. நீங்கள் அளந்தது கேசிங்கை அல்ல, அதில் தெரிந்த உங்கள் அறையை. அறை 33 டிகிரி என்றால் துப்பாக்கி 34 காட்டுவதில் ஆச்சரியமே இல்லை.

கறுப்புக் கேசிங்கின் 40 உண்மையான 40. ஆக, இரண்டு மெஷினிலும் ஒரே வேலை, ஒரே ஃபேன் என்றால், கறுப்புத் தகடுதான் ஒன்றிரண்டு டிகிரி குளிர்ந்தது. வெள்ளித் தகடு சூட்டை வெளியே விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது.

பளபளப்பு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பது நமக்குத் தெரியாத விஷயமில்லை. ரங்கூன் டீக்கடைகளில் உட்கார்ந்தவுடன் மேசைமேல் இலவசமாகப் பச்சைத் தேயிலைத் தண்ணீர் ஃபிளாஸ்க் இருக்குமே, அதன் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். கண்ணாடிக் குடுவைக்கு வெள்ளிப் பூச்சு. அழகுக்காகவா பூசினார்கள்? 1892-இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டூவர் அந்தக் குடுவையைச் செய்தபோது இரண்டு சுவருக்கும் நடுவே காற்றை எடுத்துவிட்டார். காற்று இல்லாததால் கடத்தலும் சலனமும் (காற்று நகர்ந்து சூட்டைக் கொண்டுபோவது) நின்றன. மிச்சம் இருந்த வழி கதிர்வீச்சு. அதை அடைக்கத்தான் வெள்ளிப் பூச்சு. உங்கள் அலுமினியக் கேசிங்குக்கு நீங்கள் பஃப் போட்டதும் ஏறக்குறைய அதே வேலை. ஃபிளாஸ்க்குக்கு நல்லது, கம்ப்யூட்டருக்கு ஆகாது.

நம்பாவிட்டால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு எவர்சில்வர் டம்ளர். ஒன்றைச் சுற்றி பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை ஒரு சுற்று முழுவதும் ஒட்டுங்கள். மற்றதைத் துடைத்துப் பளிச்சென்று விடுங்கள். இரண்டிலும் கொதிநீர் ஊற்றி, ஒரே மாதிரி மூடி போட்டு, ஃபேன் காற்று படாத இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். போர்வை போர்த்திய டம்ளர்தானே சூடாக இருக்க வேண்டும்? இல்லை, அதுதான் முதலில் ஆறும். உள்ளே தெர்மாமீட்டர் விட்டால் ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். காகிதத்தின் உமிழ்திறன் 0.9-க்கு மேல், துலக்கிய எவர்சில்வருக்கு அதில் கால் பங்குகூட வராது. 1804-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லெஸ்லி ஒரு தகரப் பெட்டியில் கொதிநீர் ஊற்றி, ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் கரி என்று வைத்துக் காட்டியதும் இதையேதான். பெட்டியின் எல்லாப் பக்கமும் ஒரே சூடு. ஆனால் கரிப் பக்கத்துக்கு எதிரே வைத்த தெர்மாமீட்டர்தான் அதிகம் ஏறியது.

"அப்படியானால் கறுப்புதான் நல்லது, சரி" என்று இந்த இடத்தில் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பாதிப்பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற நிறம் வேறு, சூட்டுக்குத் தெரிகிற நிறம் வேறு. நம் கண் பார்க்கிற ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 35, 40 டிகிரியில் இருக்கிற ஒரு தகடு வீசுகிற கதிர் 9 மைக்ரானைச் சுற்றித்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற பெயின்ட் 9 மைக்ரானில் கறுப்பு! வெள்ளைப் பெயின்டின் உமிழ்திறன் சுமார் 0.9, கறுப்புப் பெயின்ட் 0.9-இலிருந்து 0.95. சிவப்பு, நீலம், பச்சை எல்லாமே அந்த இடத்தில்தான். மேட் கறுப்புக்கும் பளபளக்கும் கறுப்புக்கும் இரண்டாவது தசமத்தில்தான் வித்தியாசம். மனிதத் தோல் எந்த நிறமானாலும் 0.98. கொரோனா நேரத்தில் கோயில் வாசலிலும் கடை வாசலிலும் நெற்றியில் துப்பாக்கி நீட்டினார்களே, நம்மவர்களுக்கு ஒன்று, பர்மாக்காரருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று என்று மூன்று துப்பாக்கியா வைத்திருந்தார்கள்? அகச்சிவப்புக்கு நாம் எல்லோரும் ஒரே கறுப்பு.

ஆகவே கறுப்புக் கேசிங்குக்கு வெள்ளை அடித்தால் நிழலில் இருக்கிற வரை சூட்டில் ஒரு மாற்றமும் வராது. சில்வர் ஸ்பிரேதான் கெடுக்கும். அலுமினியத் தூள் கலந்த சாதா சில்வர் பெயின்டின் உமிழ்திறன் 0.3 முதல் 0.5 வரைதான், நன்றாக இருக்கிற 0.9-ஐக் காசு கொடுத்துப் பாதியாக்கிக்கொள்கிற வேலை. இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. காருக்கு அடிக்கிற சில்வரின் மேல் கிளியர் லேக்கர் பூச்சு போடுவார்கள். அந்தக் கிளியர் கண்ணுக்குத்தான் கண்ணாடி. அகச்சிவப்புக்கு அதுவும் கறுப்பு. அதனால் கார் சில்வரின் உமிழ்திறன் மறுபடி 0.9-க்குக் கிட்டே வந்துவிடும்.

அலுமினியத்திலும் இதே கதைதான். கடையில் வாங்குகிற வெள்ளி நிற அலுமினியப் பொருள்கள் பல அனடைஸ் செய்தவை. மின்சாரம் பாய்ச்சி மேலே ஒரு ஆக்சைடு தோலை வளர்த்திருப்பார்கள். சாயம் போடாத வெள்ளி நிற அனடைசிங்குக்கும் உமிழ்திறன் 0.8 பக்கம் வரும். கறுப்புச் சாயம் போட்டதற்கும் ஏறக்குறைய அதேதான். உங்கள் கேசிங்குக்கும் முன்பு அப்படி ஒரு தோல் இருந்திருக்கலாம், பட்டறையில் போனது. ஒரு அலுமினியத்துக்கு அனடைசிங் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். மல்டிமீட்டரை பீப் சத்தம் வருகிற இடத்தில் வைத்து, இரண்டு முனையையும் தகட்டின்மேல் கீறாமல் லேசாக வையுங்கள். பீப் வந்தால் வெறும் உலோகம். வராவிட்டால் மேலே ஆக்சைடோ லேக்கரோ இருக்கிறது. சூட்டைப் பொறுத்தவரை அது நல்ல பரப்பு.

இனி, இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். கணக்குப் போடாமல் இதைப் பேசிப் பயனில்லை.

உங்கள் மெஷின் ரெண்டர் ஆகும்போது பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் சேர்ந்து 300 வாட் சூட்டைக் கக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கேசிங் ஃபேன்கள் தடையெல்லாம் போக மணிக்கு 100 கன மீட்டர் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகின்றன. இரண்டு மூன்று ஃபேன் ஒழுங்காகச் சுற்றினால் இது சாதாரணம். அவ்வளவு காற்று ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 32 வாட் வேண்டும். 300-ஐ 32-ஆல் வகுத்தால் 9-க்குச் சற்று மேல். 33 டிகிரியில் உள்ளே போகிற காற்று 42-இல் பின்பக்கமாக வெளியே வரும். இது காற்று கொண்டுபோகிற கணக்கு.

தகடு கொண்டுபோவது எவ்வளவு? நடுத்தர டவர் கேசிங்கில் அறையைப் பார்க்கிற பரப்பு 0.6 சதுர மீட்டர் இருக்கும். பெயின்ட் அடித்த தகடாக இருந்தால், தகட்டுக்கும் அறைக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கிறபோது, ஒவ்வொரு சதுர மீட்டரும் கதிர்வீச்சால் 6 வாட் வரை விடும். பஃப் போட்ட அலுமினியம் அரை வாட்தான் விடும். பக்கத்தில் மெல்ல மேலேறுகிற காற்றால் போவது இரண்டுக்கும் பொதுவாக 4 வாட். பளபளத் தகடு கொஞ்சம் அதிகச் சூட்டுக்கு ஏறி, அதன் மூலம் தன் குறையில் ஒரு பகுதியை ஈடுகட்டிக்கொள்ளும். எல்லாம் கழித்துப் பார்த்தால், பெயின்ட் அடித்த கேசிங் பளபளக் கேசிங்கைவிட 10 வாட் போல அதிகம் வெளியேற்றும். 300-இல் 10. உள்ளே இருக்கிற காற்றின் சூட்டில் அது அரை டிகிரிகூட இல்லை. பிராசசர் 85-இல் ஓடினால் 84.6-இல் ஓடும், அவ்வளவுதான். அதற்காக ஒரு டப்பா ஸ்பிரே வாங்கி, நாள் முழுக்கக் காய வைத்து, வீட்டுக்காரம்மாவிடம் பெயின்ட் நாற்றத்துக்குத் திட்டு வாங்க வேண்டுமா?

கேசிங்கின் உள்பக்கத்தைக் கறுப்பாக்கினால் என்ன என்றும் கேட்பார்கள். பழைய வெளிர் நிறக் கேசிங்குகளின் உள்பக்கம் பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சோடு இருக்கும். அதன் உமிழ்திறன் குறைவுதான், 0.2, 0.3. ஆனால் உள்ளே ஃபேன் காற்று எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போகிறபோது ஹீட் சிங்கிலிருந்து (பிராசசர்மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்குகிற, இதழ் இதழான உலோகத் துண்டு) கதிராகத் தகட்டுக்கு வருவது மிகச் சொற்பம். ஹீட் சிங்கின் இதழ்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன; ஒன்று வீசியதை அடுத்தது வாங்கிக்கொள்ளும், வெளியே அதிகம் போகாது. ஃபேன் வைத்த ஹீட் சிங்கைக் கறுப்பாக்கி விற்பது கண்ணுக்காகத்தான். அழகாக இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

"பெயின்ட் கனமாக இருந்தால் சூட்டை அடைத்துக்கொள்ளாதா?" என்று இன்னொரு பயம் உண்டு. தகட்டில் அடைக்காது. கேசிங்குக்குக் கம்பெனியில் போடுகிற கெட்டிப் பூச்சான பவுடர் கோட்டிங் 80 மைக்ரான் கனம். அது சூட்டுக்குக் கொடுக்கிற தடை, தகட்டுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கிற காற்றுப் படலத்தின் தடையில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதே 80 மைக்ரான் தப்பான இடத்தில் பட்டால் மெஷினையே கவிழ்த்துவிடும். பிராசசர்மேல் உட்காருகிற ஹீட் சிங்கின் அடிப்பாகம் இருக்கிறதே, மூன்று சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர், அங்கே பெயின்ட் பட்டுவிட்டால்? 65 வாட் அந்தச் சின்ன இடத்தின் வழியாகப் போக வேண்டும். கணக்குப் போட்டால் பெயின்டைத் தாண்டுவதற்கு மட்டும் 29 டிகிரி செலவாகும். வெளித் தகட்டில் ஒன்றும் செய்யாத பெயின்ட், இங்கே மெஷினை நிறுத்திவிடும். ஸ்பிரே அடிக்கிறவர்கள் ஹீட் சிங்கைக் கழற்றாமல், மூடாமல் அடித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்த கதையெல்லாம் இருக்கிறது.

மற்றவர்களைச் சொல்வானேன், நானே செய்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். ரங்கூன் தாமுவேயில் ஒரு கடைக்காரர் ஃபேன் இல்லாத சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்திருந்தார். நம் ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. பேட்டரி இன்வெர்ட்டரில் நீண்ட நேரம் ஓடும் என்பதால் அந்த மாதிரிப் பெட்டிக்கு இங்கே நல்ல மதிப்பு. பெட்டியே ஹீட் சிங்க். கறுப்பு அனடைஸ் செய்த அலுமினியம், மேலே வரிவரியாக இதழ். மேல்பக்கமெல்லாம் கீறல். சர்வீஸுக்கு வந்தபோது, பாவம் அசிங்கமாக இருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டு உரசி, பித்தளை துலக்குகிற பாலிஷ் போட்டுத் தேய்த்து, கோயில் குத்துவிளக்கு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். காசுகூட வாங்கவில்லை. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. காலையில் ஓடுகிறது, பதினொரு மணிக்கு மேல் ஆமை மாதிரி நகர்கிறது, தொட்டால் கை சுடுகிறது.

பிராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே தடவுகிற பேஸ்ட்டை மாற்றினேன், விண்டோஸ் மாற்றினேன், ரேம் மாற்றினேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அந்தப் பெட்டியில் என் முகமே தெரிவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஃபேன் இல்லாத பெட்டிக்குச் சூடு போக இரண்டே வழி: தானாக மேலேறும் காற்று, கதிர்வீச்சு. இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. சமதளமான பெட்டியாக இருந்தால் கதிர்வீச்சு ஒரு கை கூடவே இருக்கும். நான் பளபளப்பாக்கி அதில் ஒரு பாதியை மூடிவிட்டேன். அறையைவிட 20 டிகிரி மேலே நின்று விட வேண்டிய சூட்டை, 35 டிகிரி மேலே ஏறித்தான் அது விட முடிந்தது. நன்மை செய்யப்போய் வினையானது. பிராசசர் ஒட்டுகிற உள்பக்கத்தையும் திருகு ஓட்டைகளையும் டேப் போட்டு மூடிவிட்டு, மேட் கறுப்பு ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு கோட் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அது திரும்பி வரவில்லை. வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தாலும் சரியாகியிருக்கும், ஆனால் அதைச் சொல்ல அன்றைக்கு எனக்கு முகமில்லை.

ஆக, ஃபேன் இல்லாத பெட்டி, ரவுட்டர், சுவிட்ச், அலுமினிய உறை போட்ட ஹார்ட் டிஸ்க் பெட்டி, இவற்றுக்கு மேற்பரப்பு உண்மையிலேயே முக்கியம். ஃபேன் வைத்த டவருக்கு இல்லை.

நிறம் முக்கியமாகிற ஒரே இடம் வெயில். சூரியன் வீசுவது 9 மைக்ரான் கதிர் அல்ல. அதன் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் அதை ஒட்டியதும். அங்கே கறுப்பு கறுப்புதான், வெள்ளை வெள்ளைதான். சித்திரை மாதம், திஞ்சானுக்கு (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முன்னும் பின்னும், மேற்குப் பார்த்த ஜன்னல் வழியாக நாலு மணி வெயில் கேசிங்கின் பக்கத் தகட்டில் விழுகிறது என்று வையுங்கள். கண்ணாடி வழியாக வந்தபிறகும் சதுர மீட்டருக்கு 400, 500 வாட் இருக்கும். தகடு 0.2 சதுர மீட்டர். கறுப்பு அதில் 80 வாட்டுக்கு மேல் விழுங்கும், வெள்ளை 20, 25 வாட். பக்கத்தில் கண்ணாடி போட்ட கேசிங்காக இருந்தால் வெளியே எந்த நிறம் என்பதே அர்த்தமில்லை, வெயில் நேரே உள்ளே போய்க் கறுப்பு மதர்போர்டில் இறங்கிவிடும். கறுப்பு சூட்டை இழுக்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் வெயிலில் நின்ற அனுபவத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது நிழலுக்குப் பொருந்தாது. வெயில் விழுந்தால் பெயின்ட் எதற்கு? ஒரு பழைய லுங்கியை ஜன்னலில் தொங்கவிட்டால் போதும், கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகிவிடும்.

பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால், கேசிங்கை விட்டுவிட்டுக் கூரைக்கு அடியுங்கள். உங்கள் ஸ்டுடியோ தகரக் கூரை என்று எழுதியிருக்கிறீர்கள். துத்தநாகத் தகரம் வெயிலில் பாதிக்குப் பக்கமாக விழுங்கும். ஆனால் அதன் உமிழ்திறன் குறைவு, விழுங்கியதை வானத்துக்குத் திருப்பி வீசத் தெரியாது. அதனால்தான் மத்தியானம் தகரத்தில் கை வைக்க முடிவதில்லை. வெள்ளைப் பெயின்ட் இரண்டு வழியிலும் உதவுகிறது: வெயிலைக் குறைவாக வாங்குகிறது, வாங்கியதை 0.9 உமிழ்திறனோடு மேலே வீசிவிடுகிறது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பெயின்டர்களுக்குச் சொல்லி வைக்காவிட்டால் கெடுத்துவிடுவார்கள். மேல்பக்கம் மட்டும்தான் வெள்ளை. மிச்சம் இருக்கிறதே என்று தகரத்தின் அடிப்பக்கத்துக்கும் அடித்துவிட்டால், சூடான தகரம் உங்கள் தலைமேல் நன்றாக வீசத் தொடங்கும். அடிப்பக்கம் பளபளப்பாக இருக்கிற வரைக்கும் அப்படியே விடுவதுதான் லாபம், ஃபிளாஸ்க் மாதிரி. என் கடை மாடியில் ஒரு வருஷம் மாசி கடைசியில் மேலே வெள்ளை அடித்தோம். அந்தச் சித்திரையில் மூன்று மணிக்கும் பையன் பனியனைக் கழற்றாமல் உட்கார்ந்து வேலை பார்த்தான்.

கம்ப்யூட்டருக்கும் இதனால்தான் பலன். அறை மூன்று டிகிரி இறங்கினால் உள்ளே போகிற காற்று மூன்று டிகிரி இறங்கும், பிராசசரும் கிட்டத்தட்ட அதே மூன்று இறங்கும். கேசிங் பெயின்டால் கிடைக்கிற அரை டிகிரி எங்கே, இது எங்கே.

இனி உங்கள் வெள்ளி மெஷினுக்கு வருகிறேன். அது ஹேங் ஆவதற்கு பஃப் போட்டது காரணமாக இருக்க முடியாது. அரை டிகிரியில் எந்த மெஷினும் ஹேங் ஆகாது. முன்பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து அலுமினியக் கேசிங்குகளில் பலவற்றுக்கு முன்னால் முழுத் தகடு, ஓரத்தில் மட்டும் சின்னச் சந்து. அதன் பின்னால் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி இருக்கும், பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. பெகு பக்கத்துக் கோடைப் புழுதியும், ஸ்டுடியோவில் சாமி படத்துக்குக் கொளுத்துகிற ஊதுபத்திப் புகையும், இரவில் கொசுவர்த்தியும் சேர்ந்தால் அந்த ஸ்பாஞ்ச் கம்பளி மாதிரி ஆகிவிடும். ஊதுபத்திப் புகைப் பிசுக்கு வெறும் ஊதலுக்குப் போகாது. சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுசாகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஒரு மணிக்கு 100 கன மீட்டர் காற்று 50 ஆகிவிட்டால், மேலே போட்ட கணக்கில் 9 டிகிரி 18 ஆகிறது. கேசிங்கின் மேற்பரப்பில் நான் முதலில் பார்ப்பது ஓட்டை எங்கே, எவ்வளவு பெரிது என்பதைத்தான். நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும்.

மெஷினை மேசைக்குக் கீழே மூன்று பக்கம் பலகை அடைத்த பெட்டிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வெளியே வந்த சூட்டுக் காற்றே சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தால் எத்தனை ஃபேன் போட்டாலும் பயனில்லை. பழைய மெஷின் என்பதால் பிராசசர் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மத்தியானத்தில் வோல்டேஜ் இறங்குகிறதா என்றும் பாருங்கள். வோல்டேஜ் குறையக் குறைய பவர் சப்ளை அதிக ஆம்பியர் இழுக்கும், அதன் உள்சூடு கூடும். எல்லோரும் ஏசி போடுகிற நேரத்தில் ஹேங் ஆவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பஃப் போட்ட தகட்டை அப்படியே விடுங்கள், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது. மழைக்காலம் வரும்போது அலுமினியம் துருப்பிடிக்காது, மங்கும், அவ்வளவுதான். கறுப்பு இரும்புக் கேசிங்கில்தான் கீறல் விழுந்த ஓரங்களை ஆனி ஆடிக்கு முன்னால் கவனிக்க வேண்டும். அங்கே தொட்டு வைக்கிற பெயின்ட் சூட்டுக்காக அல்ல, துருவுக்காக. எந்த நிறம் கிடைத்தாலும் சரி.

டேப்பை ஒட்டிவிட்டு, முன்னால் உள்ளே போகிற காற்றையும் பின்னால் வெளியே வருகிற காற்றையும் சாதாரணத் தெர்மாமீட்டரால் அளந்து எழுதுங்கள். துப்பாக்கி வேண்டாம், காற்றை அதால் அளக்க முடியாது. ரெண்டர் தொடங்கி இருபது நிமிடம் கழித்து அளந்த இரண்டு எண்ணும், அப்போது பிராசசர் காட்டுகிற டிகிரியும் இருந்தால், ஸ்பாஞ்சா, பேஸ்டா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.